தூசி தட்டின கதை

எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் எட்டு ஒன்பது வருசமாகப் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத் துப்புரவாக்கின அன்றுதான் நின்றது.

போன வருசம் ஆவணி மாதம். பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு தர்மபுரத்தில் இருக்கிறது. பரந்தன் – முல்லைத்தீவு வீதி இப்போது கார்ப்பெட் ரோட்டு. ஆனால் அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்குகிற ஒழுங்கை இன்னும் கிரவல்தான். சோளகம் அடிக்கிற மாதங்களில் மழையும் இருக்காது. மண் ஏற்றுகிற டிப்பர் ஒன்று போனால் புழுதி அடங்கக் கால் மணித்தியாலம் ஆகும். ஜன்னலைப் பூட்டினாலும் உள்ளே வந்துவிடும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

அந்தப் புழுதியெல்லாம் வருசக்கணக்காக எங்கள் சீபீயூப் பெட்டிக்குள்ளும் போய்க்கொண்டுதான் இருந்தது. (உண்மையில் சீபீயூ என்பது உள்ளே இருக்கிற ஒரு சின்னச் சில்லு. ஆனால் எங்கட ஊரில் முழுப் பெட்டிக்கும் அதுதான் பெயர். நானும் அப்படியே சொல்கிறேன்.) அப்பா 2015இல் வவுனியாவில் செகண்ட் ஹாண்டாக வாங்கிக்கொண்டு வந்த பெட்டி அது. கொஞ்ச நாளாகப் போட்டவுடனே தண்ணி மோட்டர் மாதிரி இரைந்தது. பக்கத்தில் கையை வைத்தால் சுட்டது. உயர்தரம் படிக்கிற தம்பி, "அக்கா, இது ஒருநாள் வெடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வெடித்தால் வெடிக்கட்டும் என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது.

அம்மம்மாவிடம் மாமாவின் படம் ஒன்று இருக்கிறது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஏலுமான நாளெல்லாம் அம்மம்மா அந்தப் படத்தைக் கொண்டு போவார். லமினேட் பண்ணின படம்தான். ஆனாலும் வெயிலிலும் மழையிலும் பிடித்துப் பிடித்து, ஓரத்தால் தண்ணி போய், முகத்தில் ஒரு பாதி வெளிறிவிட்டது. "புதுசா ஒண்டு அடிச்சுத் தா பிள்ளை" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்தின படம் எதுவும் மிஞ்சவில்லை. அல்பம் வைத்த பையை மாத்தளனில் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்ததாக அம்மா சொல்வார். மீள்குடியேறி வந்த பிறகு ஜேர்மனியில் இருக்கிற சித்தி தன்னிடம் இருந்த பழைய படங்களை ஸ்கான் பண்ணி ஒரு பென் ட்ரைவில் அனுப்பினார். மொத்தம் 43 படங்கள். அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றினோம். பென் ட்ரைவைத் தம்பி பிறகு படம் பார்க்க எடுத்து, போர்மட் பண்ணிவிட்டான். சித்தியிடம் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் இடையில் அம்மம்மாவின் காணி விசயத்தில் அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது.

ஆக, அந்த 43 படமும் இருந்தது இரைந்துகொண்டிருந்த அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான்.

பிறின்ட் எடுக்கப் போன நேரம்தான் எனக்கு அந்த ஞானம் வந்தது, முதலில் துப்புரவாக்குவோம் என்று. படங்களை முதலில் எங்கேயாவது கொப்பி பண்ணிவிட்டுத் திறந்திருக்க வேண்டும். அதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை.

யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தேன். பிளக்கைக் கழற்றினேன். கழற்றின பிறகும் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிக்கச் சொன்னார்கள், உள்ளே மிச்சம் நிற்கிற கரண்ட் போகவேண்டுமாம். அதையும் செய்தேன். பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து பக்க மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு செம்மண் குடியிருப்பு. ஃபானில் கம்பளி மாதிரித் தூசி. ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டைக் கோது.

1947இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற பெரிய கணினி பழுதாகி, உள்ளே பார்த்தபோது ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்ததாம். அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இன்றைக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பெட்டிக்குள்ளே ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கிறது. ஒருவரும் குறிப்பு எடுக்கவில்லை.

பெயின்ட் புறஷால் தட்டினேன். தம்பி சைக்கிள் பம்பால் காற்று அடித்தான். இந்த இடத்தில் ஒரு சின்ன விசயம்: காற்று அடிக்கும்போது ஃபானின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டபடி சுற்றி பெயரிங் தேயும். அதோடு, சுற்றுகிற மோட்டர் தானே கரண்டை உண்டாக்கி மதர்போட்டுக்குள் அனுப்பவும் பார்க்கும். எனக்கு இது பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு ஃபான் "விர்ர்" என்று சுற்றுவதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் துப்புரவு என்று தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. ராமைக் கழற்றித் துடைத்தேன். மதர்போட்டில் இருந்த வட்டப் பற்றரியைக் கழற்றி அதன் கீழேயும் துடைத்தேன். வயர்களைத் தூக்கித் தூக்கித் தட்டினேன். கடைசியாக, புறொசசருக்கு மேல் ஃபானோடு சேர்ந்து இருக்கிற அலுமினியக் கட்டி, ஹீட் சிங்க் என்பார்கள், அதன் தகடுகளுக்கு இடையில் தூசி அடைந்திருந்தது. நாலு மூலையிலும் இருந்த பிளாஸ்டிக் ஆணிகளைத் திருகிக் கழற்றி அதையும் தூக்கினேன். கீழே காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஊத்தை என்று நினைத்து அதையும் சுரண்டிவிட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி, பெட்டியை மேசையில் வைத்து, பட்டனை அமத்தினேன்.

ஒன்றும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லா இருந்ததை ஏன்டி கழட்டினனீ?"

அந்த நேரம் வாசலில் நின்ற ஒரு பெரியப்பா, "ஆர்ட்ஸ் படிக்கிற பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் ஏன்? கடையில குடுத்தா ஒரு மணித்தியால வேலை" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்லுவது? பெட்டி வேறு என் பக்கம் நிற்கவில்லை.

முதல் பழுதைக் கண்டுபிடித்தது தம்பி. பெட்டிக்குப் பின்னால், கரண்ட் வயர் கொழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சுவிச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். துடைக்கும்போது அது வட்டத்துக்குப் போயிருந்தது. கோட்டுப் பக்கம் தட்டினான். ஃபான் சுற்றியது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

ஆனால் மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு சத்தம்: பீ…ப். கொஞ்சம் விட்டு மறுபடி பீ…ப். நிற்காமல் அப்படியே.

கிளிநொச்சி ரவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற அண்ணா ஒருவரின் நம்பர் தம்பியிடம் இருந்தது. எடுத்தேன். "சத்தம் நீளமா வருதோ, கட்டையா வருதோ?" என்று கேட்டார். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"சரி. பயப்பிடாதேங்கோ தங்கச்சி. கத்துதெண்டா உயிர் இருக்கு எண்டு அர்த்தம். திரையில எழுதிக் காட்ட ஏலாத நேரம் மதர்போட் அப்பிடித்தான் பேசும். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பாசை. ஆனா நிக்காம நீளமாக் கத்தினா முதல்ல ராமைப் பாக்கோணும். துப்புரவாக்கினனீங்கள் என்ன?"

"ஓம் அண்ணா."

"எனக்குக் கூடுதலா வாற கேஸ் அதுதான். என்னென்ன கழட்டினீங்கள்? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

சொன்னேன். ராம், பற்றரி, வயர்கள். ஹீட் சிங்க்கை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். வீடியோவில் அதைக் கழற்றச் சொல்லியிருக்கவில்லை. நானாகச் செய்தது. ஏற்கெனவே பெரியப்பாவிடம் வாங்கியாயிற்று. இன்னொரு ஆளிடமும் "உதை ஏன் தொட்டனீங்கள்?" என்று கேட்க விருப்பமில்லை.

"ராமைத் திரும்பக் கழட்டுங்கோ. பிளக்கை இழுத்துப்போட்டு. முதல்ல பெட்டியின்ர பெயின்ட் இல்லாத இரும்பு ஒண்டைத் தொடுங்கோ."

அது நிலைமின்சாரத்துக்காக. எங்கள் உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் கிட்டத்தட்ட 3000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் விரலில் சுரீர் என்று உணர்வோம். சில்லுகளுக்கு அதைவிட எவ்வளவோ குறைவாகவே போதும். நாங்கள் உணராமலேயே பழுதாக்கலாம். இரும்பைத் தொட்டால் அது இறங்கிவிடும்.

"இப்ப தம்பியின்ர பென்சில் பெட்டியில அழிறப்பர் இருக்கோ? ராமின்ர மஞ்சள் பல்லு மாதிரி இருக்கிற வரிசையை மெதுவா அழிறப்பரால தேயுங்கோ. துகளைத் துடையுங்கோ. அந்தப் பல்லில கை படக்கூடாது. திரும்பப் போடேக்கை நடுவில இருக்கிற வெட்டு நேரா வருதோ பாருங்கோ. ரெண்டு பக்கமும் 'டிக்' எண்டு கேக்கோணும். ஒரு பக்கம் கேட்டது காணாது."

அதுதான் பிழை. நான் முதல் பூட்டினபோது ஒரு பக்கம்தான் கேட்டிருக்கிறது. உடைந்துவிடும் என்ற பயத்தில் மெல்லவே அமத்தியிருக்கிறேன். இந்த முறை இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். டிக். டிக்.

பட்டனை அமத்தினேன். ஒரு கட்டையான பீப். மொனிட்டரில் வெள்ளை எழுத்து வந்தது. அதற்குக் கீழே நேரமும் திகதியும் பிழை, சரியாக்க எஃப் 1ஐ அமத்து என்று ஒரு வரி. அமத்தினேன். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் திகதி: 2009 ஜனவரி 1.

இதற்கான காரணம் மிகவும் சாதாரணமானது. அந்த வட்டப் பற்றரிதான் கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூட்டை ஓடவைக்கிறது. சீ ஆர் 2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். அதைக் கழற்றினால் மதர்போட் எல்லாவற்றையும் மறந்து, செய்தவர்கள் அதற்குள் எழுதிவைத்த முதல் திகதிக்குப் போய்விடும். எங்கள் மதர்போட் அந்தக் காலத்தில் செய்தது. அவ்வளவுதான்.

ஆனால் அம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, இலக்கம் வாசிப்பார். "உதென்ன ரெண்டாயிரத்தி ஒன்பது?" என்றார்.

கிளிநொச்சி நகரம் விழுந்தது 2009 ஜனவரி 2. முதல் நாள், அந்தத் திரையில் இருந்த நாள், நாங்கள் இன்னும் தர்மபுரத்தில்தான் இருந்தோம். எனக்கு ஏழு வயது. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த சனம் எங்கள் காணி முழுக்கத் தறப்பாள் கட்டியிருந்தது. மாமா அன்றைக்கு எங்கள் கிணற்றுக்கு வாளிக் கயிறு மாற்றினார் என்று அம்மா சொன்னார். இவ்வளவு ஆட்கள் அள்ளினால் பழைய கயிறு தாங்காது என்று. இதை அவர் முன்பு சொன்னதே இல்லை. சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். நான் வருசத்தை மாற்றினேன். ஒவ்வொரு வருசமாக ஏற்ற வேண்டும். அந்தப் பட்டனை அத்தனை தரம் அமத்துவது நேரம் எடுக்கிற வேலை.

(நடைமுறைக்கு ஒன்று: திகதியை மாற்றாமல் விட்டால் இணையத்தளங்கள் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கொம்பியூட்டர் 2009இல் நின்றால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இணைப்புப் பாதுகாப்பில்லை என்று சொல்லும்.)

சேமித்துவிட்டு வெளியே வந்தேன். விண்டோஸ் வரும் என்று பார்த்தால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று.

ஹாட் டிஸ்க்கைக் காணவில்லை. அதில்தான் 43 படம்.

அந்த நிமிசம் எனக்குக் கை குளிர்ந்தது. திரும்ப அண்ணாவுக்கு எடுத்தேன். குரல் நடுங்கியிருக்க வேண்டும். "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

"தங்கச்சி, ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. ராம், மதர்போட், பவர் சப்ளை எல்லாம் போனாலும் படம் போகாது. படம் இருக்கிறது ஹாட் டிஸ்க்கில மட்டும்தான். பெட்டி செத்தாலும் ஹாட் டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில கொழுவி எடுக்கலாம். இப்ப நீங்கள் செய்யவேண்டியது, அதை விழுத்தாம, தட்டாம இருக்கிறது. அதில ரெண்டு வயர் வரும். ஒண்டு அகலம், ஒண்டு ஒடுக்கம். ரெண்டையும் இழுத்துப்போட்டுத் திரும்பக் குத்துங்கோ. மதர்போட் பக்கமும்."

ஒடுக்கமான வயர் மதர்போட் பக்கம் பாதி வெளியே நின்றது. தூசி தட்டத் தூக்கினபோது நான்தான் இழுத்திருக்கிறேன். பார்த்தால் பூட்டின மாதிரித்தான் தெரியும். விரலால் அமத்தினால் மட்டும்தான் தெரியும். அமத்தினேன்.

விண்டோஸ் வந்தது. 'சித்தி' என்று பெயர் போட்ட போல்டரைத் திறந்தேன். மாமா இருந்தார். சைக்கிளில் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டு. தம்பி ஓடிப்போய் அம்மம்மாவைக் கூட்டிவந்தான். அம்மம்மா மொனிட்டருக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே திரை கறுத்தது. பெட்டி நின்றுவிட்டது.

திரும்பப் போட்டோம். எட்டு நிமிசம் ஓடியது, நின்றது. அடுத்த முறை ஐந்து நிமிசம். அதற்கடுத்த முறை மூன்று. கொப்பி பண்ணவும் வழியில்லை. வீட்டில் வெறும் பென் ட்ரைவ் ஒன்றுகூட இல்லை. போனைக் கொழுவுவதற்கிடையில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டால் கூட நேரம் ஓடுகிறது, உடனே போட்டால் குறைய நேரம் ஓடுகிறது. இதைக் கவனித்தவுடனே எனக்குப் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. சூடு. நான் சொல்லாமல் விட்ட ஹீட் சிங்க்.

ஆனாலும் அன்று இரவு அண்ணாவுக்குத் திரும்ப எடுக்கவில்லை. நாளைக்கு நேரே கொண்டுபோவோம் என்று படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் பெட்டியைப் பெட்ஷீற்றால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம். கடைக்குள் போய் அவரைக் கண்டபோதுதான் தெரிந்தது, அவருக்கு இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. போனில் "ரெண்டு பக்கமும் டிக் எண்டு கேக்கோணும்" என்று சொன்னவர் இவர். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை முழங்கையால் தன் பக்கம் இழுத்தார்.

மூடியைத் திறந்து ஹீட் சிங்க்கை விரலால் ஆட்டினார். ஆடியது. "இதையும் கழட்டினீங்களோ?"

"ஓம் அண்ணா."

"ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"பேச்சு விழும் எண்டு."

அவர் சிரித்தார். "இந்தக் கடைக்கு வாற ஆக்கள் எல்லாரும், 'நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை, அது தானா நிண்டது' எண்டுதான் சொல்லுவினம். ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு என்ன சாப்பிட்டதெண்டு சொல்லாட்டி டொக்டர் என்ன செய்யிறது? துப்புரவாக்கினாப் பிறகு வாற பழுது எல்லாம் துப்புரவாக்கின கையிலதான் இருக்கும். கடைசியாத் தொட்டதில இருந்து பின்னுக்குப் போனாச் சரி. ஆனா தொட்டது முழுக்கத் தெரியோணும்."

நான் ஊத்தை என்று சுரண்டின அந்தச் சுண்ணாம்பு, தேர்மல் பேஸ்ட். புறொசசரின் முகமும் ஹீட் சிங்க்கின் அடியும் பார்வைக்கு மட்டமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். இடையில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். அது இல்லாவிட்டால் ஃபான் எவ்வளவு சுற்றினாலும் சூடு மேலே ஏறாது. ஒரு அளவுக்கு மேல் போனால் புறொசசர் எரியாமல் இருப்பதற்காகத் தானே பெட்டியை நிறுத்திவிடும். அதாவது அது திரும்பத் திரும்ப நின்றதே தன்னைக் காப்பாற்றத்தான். நான்தான் திரும்பத் திரும்பப் போட்டு வதைத்திருக்கிறேன்.

மிச்சப் பேஸ்ட்டைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சின்ன ஊசிக் குழாயிலிருந்து ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தார். "கூடப் போட்டா நல்லதெண்டு நினைக்கிறவை. இல்லை. கூடினாலும் பிழை." பிறகு ஹீட் சிங்க்கை மேலே வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஆணியை நீங்களே அமத்துங்கோ. ஒரு மூலை, அதுக்குக் குறுக்கு மூலை. நேரா அமத்துங்கோ" என்றார். முதல் ஆணியில் என் கை நடுங்கியது. "உடையாது" என்றார். டிக். குறுக்கே, டிக். நாலும் கேட்டது. மதர்போட்டைத் திருப்பிப் பார்த்து நாலு ஆணியின் காலும் அடியில் விரிந்திருக்கிறதா என்று காட்டினார். நேற்று நான் பூட்டினதில் இரண்டு கால் உள்ளேயே போகவில்லையாம்.

பெட்டியைப் போட்டு, அந்த நீலத் திரையில் வெப்பநிலையைக் காட்டினார். 41 பாகையில் தொடங்கி 46இல் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. கால் மணித்தியாலம் மூன்று பேரும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் சொன்னார்: "இப்ப முதல் வேலை, படத்தைக் கொப்பி பண்ணுங்கோ. பிறின்ட் பிறகு."

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பீட்டர் குறோக் பிரபலமாக்கின ஒரு கணக்கு இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாமானில், ஒன்று வேறு இடத்தில். இதைப் பிறகு வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இதைப் படிப்பதற்கு எவ்வளவு விலை கொடுத்த ஆட்கள்! 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின என்று முதலாம் வருசத்திலிருந்து விரிவுரைகளில் கேட்கிறோம். கட்டுரையும் எழுதுகிறோம். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, மாமாவின் முகத்தை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே சைக்கிள் பம்பால் காற்று அடிக்கிறோம்.

இப்போது அந்த 43 படமும் கொம்பியூட்டரில் இருக்கிறது. ஒரு பென் ட்ரைவில் இருக்கிறது. அது முறிகண்டியில் மாமி வீட்டு அலுமாரிக்குள். கூகிள் ட்ரைவிலும் ஏற்றியாயிற்று. பென் ட்ரைவில் தம்பி கை வைத்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குச் சொல்லியாயிற்று.

பெட்டி திறக்கிற ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திறக்க முதல் உள்ளே இருக்கிறதைக் கொப்பி பண்ணுங்கோ. திறந்தவுடனே, ஒன்றையும் தொடமுதல், போனால் நாலு படம் எடுங்கோ. எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு சண்டை வராது. தொடுகிற ஒவ்வொன்றையும் ஒரு கடுதாசியில் எழுதுங்கோ. பிறகு ஓடாவிட்டால், பயந்து புதுச் சாமான் வாங்க ஓடாமல், அந்தக் கடுதாசியைக் கீழிருந்து மேலே வாசியுங்கோ. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்கவேண்டாம். பிளக்கை இழுத்த பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற கரண்ட் நிற்கும். இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் தெரிந்த ஆளிடம் போங்கோ. போனால் கடுதாசியில் உள்ளது எல்லாவற்றையும் சொல்லுங்கோ, வெட்கமானதையும் சேர்த்து. எனக்கு ஒரு இரவு வீணாய்ப் போனது நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியால்தான்.

அன்று பின்னேரம் கிளிநொச்சியிலேயே மாமாவின் படத்தைப் பிறின்ட் எடுத்து லமினேட் பண்ணிக்கொண்டு வந்தோம். தண்ணி போகாமல் ஓரத்தை அகலமாக விடச் சொன்னோம். அம்மம்மா வாங்கி, சேலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்ன இவன் இவ்வளவு சின்னப் பெடியனா இருக்கிறான்?" என்றார்.

பழையதில் முகம் வெளிறிப் போயிருந்ததால் வயது தெரியவில்லை. படத்தில் மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது எனக்கும் அதே வயது.

இரவு அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். "உந்தப் படத்தைக் கண்டா, சித்தியிட்ட வேறையும் இருக்கும் போல கிடக்கு. கேட்டுப் பார்" என்றார். "நீங்கள் கேளுங்கோவன்" என்றேன். "நீ முதல்ல எடு. பிறகு பாப்பம்."

எடுத்தேன். முதல் இரண்டு தரம் சித்தி எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தார்.